பத்தொன்பதாம் நாள் க.பூ.

சைக்கிளின் கைப்பிடியில் இருக்கும் தூர மீட்டரைக் கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சின்ன ஸ்க்ரூ, ஒரு ரப்பர் பட்டை. அதற்கே அன்று காலை ரீடிங்காரருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இருபத்தேழு வருஷமாக ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டர்களைப் படித்த மனுஷன், சொந்த மீட்டரை ஒளிக்கப் போகிறார்.

சேர்த்து வைத்த லீவையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு, நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தனியாளாகச் சைக்கிள் மிதித்துவிட்டு வந்திருந்தார். முப்பத்தேழு நாள். தினமும் சாயங்காலம் மனைவிக்கு போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே அன்றைய ரீடிங்கைச் சொல்லிவிடுவார். "எழுபத்தொன்பது புள்ளி நாலு." அவள் சமையலறை காலண்டரில் குறித்துக்கொள்வாள். கூட்டினால் 2914.3.

இன்று மாலை அலுவலகத்தில் பாராட்டு விழா. '2914.3 கி.மீ., ஒரு கிலோமீட்டரும் விடாமல்' என்று ஷீல்டில் பொறித்தாகிவிட்டது. நேற்று மேலதிகாரி போன் செய்து, சைக்கிளையும் கொண்டு வாருங்கள், மேடையிலேயே நிறுத்திவிடலாம் என்றார். அங்கேதான் சிக்கல். விழாவுக்கு வரும் பதினாலு பேரும் மீட்டர் ரீடர்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் சுவரோரம் குனிந்து மீட்டரைப் பார்க்கிற ஜென்மங்கள். சைக்கிளை விட்டுவைப்பார்களா? மீட்டரோ 2861.9 என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இடையில் உள்ள 52.4 கி.மீ. போனது, மெத்தை ஏற்றிய ஒரு லாரியில்.

கிளம்பும்போது ரீடிங்காரருக்குப் பெரிய எதிர்பார்ப்புகள் இருந்தன. நீண்ட சாலை, தனிமை, அதனால் ஆழமான எண்ணங்கள் வரும் என்று நம்பினார். ஒரு மண்ணும் வரவில்லை. பசி வந்தது, முட்டி வலி வந்தது, எங்கேயோ கேட்ட விளம்பரப் பாட்டு ஒன்று நாலு நாள் மண்டையை விட்டுப் போகாமல் உயிரை எடுத்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் ஜனங்கள் கேட்டது ஒரே கேள்வி: "எதுக்கு?" முதல் வாரம் நீளமாகப் பதில் சொன்னார். மூன்றாவது வாரம், "சும்மாதான்" என்றார். அதைச் சொன்னபோதுதான் ஜனங்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஆனால் ஒன்று, பன்னிரண்டாம் நாள் ஒரு மேட்டின் உச்சியில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோது, இத்தனையும் நம் கால்தானா என்று அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் எதிர்க்காற்று. மிதித்தால் சைக்கிள் நகரவில்லை, மிதிக்காவிட்டால் பின்னால் போனது. மதியத்துக்குள் ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து, தன்னையும் காற்றையும் சைக்கிள் விற்றவனையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். மெத்தை ஏற்றி வந்த லாரி ஒன்று தானாகவே நின்றது. "ஏறுங்க சார், காத்து இன்னிக்கு விடாது" என்றார் டிரைவர். சைக்கிள் ஒரு மெத்தையில் படுத்தது, அவர் ஒரு மெத்தையில் படுத்தார். அப்படி ஒரு தூக்கம் அவர் வாழ்நாளில் தூங்கியதில்லை. சாயங்காலம் போனில், முந்தைய மூன்று நாள் சராசரியைச் சொன்னார்: "எண்பத்தி நாலு."

சராசரி அவருக்குப் பழக்கமான சங்கதிதான். வீடு பூட்டியிருந்தால், ரீடிங் புத்தகத்தில் 'க.பூ.' என்று எழுதி, முந்தைய மூன்று தடவையின் சராசரியைப் போடுவார்கள். கதவு பூட்டு என்பதன் சுருக்கம். வெயிலில் நடக்கச் சோம்பல்பட்டு, திறந்திருக்கும் வீட்டுக்கும் க.பூ. போடுகிற புண்ணியவான்கள் அலுவலகத்தில் உண்டு. ரீடிங்காரர் ஒரு பொய் க.பூ. கூடப் போட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

கழற்றிய மீட்டரைச் சமையலறை அலமாரியில், டப்பாக்களுக்குப் பின்னால் வைக்கப் போனவர் காலண்டர் முன் நின்றுவிட்டார். பத்தொன்பதாம் நாள் 84. அதன் பக்கத்தில் பென்சிலில், பொடி எழுத்தில்: க.பூ.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே இருபது வருஷம் ஓட்டியவள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றார்.

"எல்லா நாளும் புள்ளி வச்சுச் சொன்னீங்க. அன்னிக்கு மட்டும் புள்ளியே இல்ல."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"வீடு பூட்டியிருந்தா நீங்க பூட்டை உடைச்சிட்டா உள்ள போவீங்க? அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்னு வந்துடுவீங்க இல்ல? நானும் அதான் செஞ்சேன்." செருப்பை மாட்டினாள். "குக்கர்ல சாதம் இருக்கு."

அவள் போய்விட்டாள். ரீடிங்காரருக்கு அவமானமாக இருந்தது. லாரியில் ஏறியதற்காக அல்ல. பூட்டிய வீடென்று மனைவி தன்னைக் குறித்து வைத்ததும், குறித்து வைத்துக்கொண்டே ஊர் முழுக்க, "முழுசா மிதிச்சார்" என்று சொல்லித் திரிந்ததும்தான் சுட்டது. ஷீல்டை நினைத்தார். பதினாலு பேர் சிரிப்பதை நினைத்தார். சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், மீட்டரை எடுத்து மறுபடி மாட்டினார். இந்தத் தடவை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாலையில் எதிர்பார்த்தபடியே நடந்தது. சைக்கிளை மேடையில் ஸ்டாண்டு போட்டதும், சோடாப்புட்டி என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த சகா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"என்னய்யா இது? இரண்டாயிரத்தி எண்ணூத்தி அறுபத்தொண்ணு புள்ளி ஒம்பதுன்னு காட்டுது. ஷீல்டுல வேற போட்டிருக்கு?"

மேலதிகாரி ஷீல்டை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லத் துணியால் மூடினார்.

"நடுவுல ஒரு நாள் க.பூ. போட்டுட்டேன்" என்றார் ரீடிங்காரர்.

கொல்லென்று சிரிப்பு. சோடாப்புட்டி மட்டும் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் க.பூ.க்களை இந்த மனுஷன் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டது அவருக்கு மறக்குமா?

"வீடு நெசமாவே பூட்டியிருந்துச்சா?"

ரீடிங்காரர் கடைசி வரிசையைப் பார்த்தார். மனைவி கடையிலிருந்து நேரே வந்து, கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல. திறந்துதான் இருந்துச்சு" என்றார். "அன்னிக்கு மிதிச்சது முப்பத்தி ஒண்ணு புள்ளி ஆறு. மிச்சம் லாரி."

சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி வரிசையில் அவள் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு மாத்திரைக் கவரின் மேல் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள், புள்ளியோடு.