சாத்தானுக்குப் போட்ட மீன்தலை

மோரி கடற்கரையில் மீனைப் புகைபோட்டு விற்கிற பெண்களில் எக்குவாவின் கைப்பக்குவத்துக்குத் தனிப் பேர் உண்டு. அவள் புருஷன் கோபினா படகுக்காரன். மெதடிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் அவனுடையதுதான் கட்டைக்குரல். நல்லவன்தான். பெண்டாட்டிமேல் கை ஓங்கியதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஒரே ஒரு கோளாறு. வீட்டில் எது தப்பாய்ப் போனாலும் அதைச் செய்தவன் கோபினாவாக இருக்க மாட்டான். சாத்தானாக இருப்பான்.

சாவு வீட்டில் பனஞ்சாராயத்தைக் குடித்துவிட்டு வேலியோடு சாய்ந்து கிடந்தால், "சாத்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தான் எக்குவா, நான் என்ன பண்ணட்டும்" என்பான். கிழிந்த வலையைத் தைக்காமல் சீட்டாடப் போனால் சாத்தான் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பான். மாமியாரைப் பார்த்து 'ஓட்டைப் படகு' என்று சொன்ன அன்றுகூட, அந்த வார்த்தையைக் கொண்டுவந்து நாக்கில் வைத்தவன் சாத்தான்தான்.

எக்குவாவும் வேதம் படித்தவள். சாத்தானை அவள் லேசாக நினைக்கவில்லை. ராஜாக்களையும் தீர்க்கதரிசிகளையும் கவிழ்க்கப் பார்த்தவன். அப்பேர்ப்பட்டவன் வேறு வேலையில்லாமல் மோரிக்கு வந்து கோபினாவோடு சீட்டாடுவானா என்பதுதான் அவளுடைய கேள்வி.

பெண்கள் சங்கத்து விருந்துக்காக அவள் ஒரு பெரிய சங்கரா மீனைப் பதமாகப் புகைபோட்டு மூடி வைத்திருந்தாள். சனிக்கிழமை சந்தையிலிருந்து வந்து திறந்து பார்த்தால் முள் மட்டும் கிடந்தது. கோபினா வாசலில் உட்கார்ந்திருந்தான். உதட்டோரத்தில் மிளகாய் விழுது.

"இதுவும் சாத்தானா?" என்றாள்.

"சத்தியமா எக்குவா. நான் மூடியத்தான் திறந்தேன். மிச்சமெல்லாம் அவன் வேலை."

அவள் கத்தவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். அந்த 'அப்படியா'வைக் கேட்டதுமே கோபினா உஷாராகியிருக்க வேண்டும். மீன் செமித்துக்கொண்டிருந்ததால் அவன் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று கடலுக்கு ஓய்வு. மதியம் கோபினா சாப்பிட வந்தபோது இரண்டு முக்காலி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. மூன்றாவதன் முன்னால் ஒரு கிண்ணம் நிறைய பனங்காய்க் குழம்பு, அதில் இவ்வளவு பெரிய மீன்தலை. கோபினாவின் கிண்ணத்தில் வால் துண்டு மிதந்தது.

"யாரு வர்றா?"

"வர்றதென்ன? இங்கயேதான இருக்காரு."

"யாரு?"

"உன் சிநேகிதர்யா. சாத்தான். இந்த வீட்டுல பாதி வேலை அவருதான் பாக்குறாரு. குடிக்கிறாரு, சீட்டாடுறாரு, என் அம்மாவ ஏசுறாரு. அவ்வளவு பாடுபடுறவருக்கு வாலையா போடுறது?"

கோபினா சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. வாலைச் சப்பிக்கொண்டே மீன்தலையை ஓரக்கண்ணால் பார்த்தான். கை நீண்டதும் எக்குவாவின் கரண்டி 'டொக்' என்று விரல்மேல் விழுந்தது.

"விருந்தாளி சோத்துல கை வைக்காத."

சாப்பாடு முடிந்ததும் அவள் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தானே சாப்பிட உட்கார்ந்தாள். "அவருக்கு இன்னைக்கு உபவாசமாம். என்னைச் சாப்பிடச் சொல்லிட்டாரு."

இப்படியே நாள் போனது. கோபினா தேய்ந்தான், எக்குவாவுக்குக் கன்னம் பளபளத்தது.

பக்கத்து வீட்டு அராபா வேலி இடுக்கில் இதைப் பார்த்துவிட்டாள். எக்குவாவுக்கும் அவளுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. "எக்குவா சாத்தானுக்கு முக்காலி போட்டுச் சோறு வைக்கிறா" என்று மீன் அடுப்படியில் சொன்னாள். அது கரையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாத்தானுக்குக் கொம்பு முளைத்திருந்தது, மீன்தலை ஆட்டுத்தலையாகியிருந்தது, மணலில் குளம்புத் தடத்தைப் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள்.

அடுத்த செவ்வாய் போதகர் அனாமுவா ஒரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு, வேதாகமத்தை மார்போடு அணைத்தபடி வந்துவிட்டார். வேலியைச் சுற்றி ஊரே நின்றது.

"மகளே, இந்த முக்காலி யாருக்கு?"

"சாத்தானுக்குங்கய்யா. என் புருஷன்தான் சொன்னாரு, அவன் இங்கதான் இருக்கான்னு. வேணும்னா அவரையே கேளுங்க."

போதகர் திரும்பினார். "கோபினா, உண்மையா? சாத்தானா உன் கையால இதெல்லாம் செய்யறான்?"

கோபினா பாதி தலையாட்டினான். மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அப்படின்னா அவனைத் துரத்தியாகணும். அதுவரைக்கும் பாடகர் குழுவுல உனக்கு இடமில்ல. முன் பெஞ்சுல உக்காந்து உபவாசம். தண்ணி மட்டும்தான்."

கோபினா மூப்பரைப் பார்த்தான், ஆவி பறக்கும் மீன்தலையைப் பார்த்தான். ஏற்கெனவே ஒரு வாரம் வாலைத் தின்றவன்.

"இல்லங்கய்யா. அந்தச் சங்கரா மீனைத் தின்னது நான்தான்."

வேலியோரம் ஒரு பெருமூச்சு. மடை திறந்த மாதிரி அவனுக்கு நிற்கவேயில்லை. குடித்தது நான்தான், வலையைத் தைக்காமல் ஓடினது நான்தான், மாமியாரைச் சொன்னதும் நானே யோசித்துச் சொன்னதுதான். கண்ணில் நீர் வேறு. எக்குவாவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது அவன் சொன்னான்:

"உன் வெள்ளாடு காணாமப் போச்சே, போன ஈஸ்டருக்கு. அதுவும் நான்தான் எக்குவா. பாடகர் குழுவுல சமைச்சுத் தின்னுட்டோம்."

எக்குவாவின் சிரிப்பு அப்படியே நின்றது. குட்டியாக இருந்தபோதே தாயை இழந்த ஆடு அது. விரலைப் பாலில் தோய்த்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். கரை முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினாள். கடைசியில் அராபாதான் பிடித்துக்கொண்டாள் என்று நடுத்தெருவில் நின்று 'திருடி' என்று கத்தினாள். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

"தின்னீங்களா? எல்லாருமா?"

"எல்லாரும்தான். போதகரய்யாகூட, தொடை நல்லா வெந்திருக்குன்னு சொன்னாரு."

ஊரின் தலை மொத்தமும் போதகர் பக்கம் திரும்பியது. அவருக்குக் காது நுனிவரை வேர்த்தது. யாருடைய ஆடு என்று அன்றைக்குக் கேட்கத்தான் செய்தார். கர்த்தர் தந்தது என்றார்கள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மறுபடி தட்டை நீட்டினார்.

போதகர் வாயைத் திறந்தார். "சா..."

கூட்டத்தோடு வேலியும் முன்பக்கம் சாய்ந்தது. மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார். எக்குவா இன்னொரு முக்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

போதகர் அந்த முக்காலியைப் பார்த்தார். "...சாப்பிட்டேன். நான்தான் சாப்பிட்டேன் மகளே. தெரிஞ்சும் தெரியாத மாதிரி சாப்பிட்டேன்."

யாரோ "ஆமென்!" என்று கத்த, கூட்டம் வெடித்துச் சிரித்தது. எக்குவா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேலியண்டை போனாள். அந்தப் பக்கம் அராபா, நகரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.

"அராபா, உன்னைத் திருடின்னு சொன்னது நான்தான்."

"ஏன், சாத்தான் சொல்லவைக்கலியா?"

"இல்ல. நானே சொன்னேன். நல்லா சத்தமா."

அராபா அவளை முறைத்தாள். "சாத்தான் வந்திருக்கான்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான்" என்றாள். "கொம்பும் நான்தான் வச்சேன்."

அதற்குத்தான் எக்குவா சிரித்தாள். அடக்கி வைத்திருந்த அத்தனையும் சேர்த்துச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த வெள்ளாட்டுக்கு ஈடாக அடுத்த ஊர்ச் சந்தையிலிருந்து ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு போதகரும் கோபினாவும் கடற்கரையோடு வந்தார்கள். கிடாவுக்கு வர இஷ்டமில்லை. முன்னால் கயிறு பிடித்த போதகரை அது தண்ணீருக்குள் இழுத்துப் போனது. பின்னால் தள்ளிய கோபினாவை உதைத்தது. போதகரின் அங்கி இடுப்புவரை நனைந்திருந்தது. படகோரம் இருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

எக்குவாவும் அராபாவும் ஒரே அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம்டி, போய்ப் பிடிச்சுக் குடுக்கலாமா?" என்றாள் அராபா.

"இரு" என்றாள் எக்குவா. "இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும். இங்கருந்து மூஞ்சி சரியாத் தெரியல."