தோப்போடு சேர்ந்து வந்தது

உடுமலைப்பேட்டை அங்கப்பன் தன் மாமன் மகள் மோகனப்பிரியாவைக் கட்டியது காதலாவது கத்தரிக்காயாவது, எல்லாம் தென்னந்தோப்புக்காகத்தான். இரண்டு வீட்டுத் தோப்புக்கும் நடுவில் ஒரு வரப்பு இருந்தது. தாலி ஏறியதும் அதையும் வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள். சொத்தும் வெளியே போகவில்லை, ரத்தமும் கலக்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவன் இவன்.

பிள்ளை மிதுனுக்குத் தலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். மாதம் தவறாமல் கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து ரத்தம் ஏற்றினால்தான் நடமாடுவான். உங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையை யோசியுங்கள் என்று டாக்டர் அன்புச்செல்வி அப்போதே சொன்னார். கல்லு மாதிரி இருக்கிற நமக்கு எதற்குப் பரிசோதனை என்று அங்கப்பன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது மோகனப்பிரியா முழுகாமல் இருக்கிறாள். வயிற்றில் இருப்பதற்கும் அதே நோயா என்று சோதித்த முடிவு இன்றைக்கு.

மோகனப்பிரியா மிதுனின் கட்டிலோரம் இருக்க, அங்கப்பன் மட்டும் டாக்டர் அறைக்குப் போனான். முடிவைக் கேட்க நாக்கு எழவில்லை. 'ஹெரிடிட்டரி, ஹெரிடிட்டரி' என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன என்று கேட்டு வைத்தான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். லத்தீனில் வாரிசைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. முதலில் நிலபுலன் பேச்சில்தான் புழங்கியது. அப்பன் சொத்து பிள்ளைக்குப் போவதற்கு அந்தப் பெயர். ரத்தத்தோடு இறங்கி வருவதற்கும் அதையே பிற்பாடு வைத்தியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அங்கப்பனுக்குத் தோப்பும் நோயும் ஒரே வழியில் வந்தது அப்போதுதான் உறைத்தது.

"வவுத்துல இருக்கறதுக்குமுங்களா?" என்றான். டாக்டர் ஆமென்று தலையசைத்தார்.

அங்கப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "தோப்பு முச்சூடும் எளுதிக் குடுத்துப்போடறனுங்க. இந்தப் புள்ளைக்கு மட்டும் அது போகாமப் பண்ணுங்கம்மா."

நோய் ஏற்கெனவே பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று மோகனப்பிரியாவிடம் தாமே பேசுவதாகவும் சொன்னார்.

அங்கப்பன் கட்டிலுக்குத் திரும்பியபோது மிதுன் தூங்கிக்கொண்டிருந்தான். மோகனப்பிரியா புருஷன் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். எந்தப் பாவத்தைச் சுமந்தாவது ஒரு வழி பண்ணலாம், என் அம்மாவிடம் கேட்கிறேன் என்று அவன் உளறத் தொடங்கினான்.

"ஒருத்தரையும் கேக்க வேண்டாமுங்க மாமா," என்றாள். "என்னையக் கட்டிக் குடுத்தப்ப ஒருத்தரும் என்னையக் கேக்கலீங்க. இதைய நாந்தான் சொல்லோணும்."

அங்கப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு அழக்கூட வரவில்லை.