கரையும் ஸ்டென்ட்

அண்ணன் குவோசெங் விட்ட அறை பீலானின் செவிட்டில் விழுந்தது. அடுத்ததற்கு அவன் கை ஓங்குமுன், அவள் ஸ்கூட்டர் ஹெல்மெட்டால் அவன் முகத்தில் ஒரே போடாகப் போட்டாள். மூக்கு உடைந்து ஆஸ்பத்திரித் தரையில் ரத்தம் கொட்டியது.

அப்பாவின் அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்க உள்ளே எதை வைப்பது என்பதுதான் சண்டை. அவர் உள்ளே மேசைமேல், மணிக்கட்டு வழியாகக் குழாய் செருகியபடி, முழு நினைவோடு கிடந்தார். டாக்டரம்மா வெளியே வந்து இரண்டு வகை சொல்லியிருந்தார். காப்பீட்டில் வருகிற பழைய உலோக ஸ்டென்ட் காலத்துக்கும் உள்ளேயே இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க இரட்டை மாத்திரை ஒரு மாதம் போதும். புதுசு மூன்று வருடத்தில் தானாகக் கரைந்துவிடும், கைக்காசு எண்பதாயிரம். ஆனால் மாத்திரை ஒரு வருடத்துக்கு. நடுவில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

அப்பா துங்காங் துறைமுகத்தில் சூரை மீன் வெட்டுகிறவர். கை கிழியாத வாரம் கிடையாது. மாத்திரை தின்றால் ரத்தம் நிற்காது. ரத்தத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் உயிர் போகும். காலை விமானத்தில் ஷாங்காயிலிருந்து வந்திறங்கி, புதுசுதான் வைக்கணும் என்று வாசலிலேயே கத்த ஆரம்பித்த மகராசனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"காசுக்குப் பாத்து அப்பாவைக் கொல்லப் பாக்கறியாடி?"

"கத்தி புடிக்கிற கைடா அது! ஒரு வருசம் யாரு காவல் இருப்பா, நீயா?"

"வேலைய விடச் சொல்லு!"

"நீயே சொல்லிப் பாரேன், வருசத்துக்கு ஒருதரம் வர்ற மூஞ்சி!"

அவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் கட்டைவிரலைக் கடித்தாள். தோல் பிய்ந்து வாயோடு வந்தது. காவலாளிகள் ஓடிவந்து ஆளுக்கொருவராய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

"போதும்! அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்று டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

அதுவரை அவரைக் கேட்கலாமென்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும், நோயாளி சும்மா படுத்திருப்பார். பீலானுக்கு நெஞ்சு லேசானது. பத்து வருடமாக அந்தக் கைக்குக் கட்டுப் போடுகிறவள் அவள்தானே.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பையன் சொல்றதையே வைங்கம்மா. பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கான்."

குவோசெங் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டான். மாத்திரை அட்டவணையை டாக்டரம்மா நீட்டியபோது தங்கையைக் கை காட்டினான். "அவகிட்ட குடுங்க. எனக்கு நாளைக்கு ஃப்ளைட்டு."

காவலாளி நல்லவேளையாகப் பிடியைத் தளர்த்தவில்லை. விட்டிருந்தால் பீலான் கொன்றிருப்பாள். அண்ணனை அல்ல, அப்பாவை.