நாற்பத்தெட்டு வோல்ட்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. யோகேஸ்வரனிடம் "புது சுவிட்ச் வந்ததும் மாத்திருவோம்" என்று சொன்னதாக நினைவு. அப்படி நான் சொல்லவேயில்லை என்றான் அவன். அவன் பொய் சொல்கிறவனல்ல.

நானும் அவனும் சேர்ந்து வயரிங் வேலை செய்துவந்தோம். மின்வெட்டுக் காலம் முடிந்த மறு வருடம், நுவரெலியாவில் ஒரு முதலாளி தன் தேயிலைக் கடையை முழுக்க சோலாரில் ஓட்ட விரும்பினார். கூரையில் தகடுகள், கீழே பெட்டரிகள், கடை முழுக்க நாற்பத்தெட்டு வோல்ட் டீசி கரண்ட். விளக்கு, பில் மெஷின், பால் வைக்கும் ஃப்ரிட்ஜ் எல்லாம் அதில்தான். மாலையில் கடை பூட்டும்போது எல்லாவற்றையும் ஒரே பெரிய சுவிட்சில் அணைக்க வேண்டும் என்றார்.

டீசிக்கென்று செய்த அந்த சுவிட்ச் கொழும்பிலிருந்து வரத் தாமதமானது. முதலாளி திறப்புக்கு நேக்கத், அதாவது சுபநேரம், பார்த்துவிட்டார். காலை ஏழு இருபத்திரண்டுக்கு பால் பொங்க வேண்டும், அந்த நிமிடமே கடை முழுக்க வெளிச்சம் வர வேண்டும். நான் என் பையில் கிடந்த சாதாரண ஏசி கரண்ட் சுவிட்சை எடுத்துப் பூட்டினேன்.

"அண்ணே, இது ஆகாதுண்ணே," என்றான் யோகேஸ்வரன்.

"நேக்கத்துக்கு லைட்டு எரியட்டும் யோகா."

ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை செத்துப் பிழைப்பது. சுவிட்சை அணைக்கையில் உள்ளே எழும் பொறி அதோடு சேர்ந்து செத்துவிடும். டீசி சாகாது. பொறி நின்று எரியும். இது எனக்குத் தெரியாததல்ல.

கடையில் விற்பனைக்கு நின்றவள் லோஜினி, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அவள் குடும்பத்தில் கொழுந்து பறிக்காமல் வேறு வேலைக்கு வந்த முதல் ஆள். முதல் நாள் மாலை, எட்ட நின்றுகொண்டு, விளக்குமாற்றுக் கம்பால் சுவிட்சைத் தட்டினாள்.

"என்னா புள்ள, பாம்பா அடிக்கிற?"

"பயமா இருக்குண்ணே. எங்கப்பாவ லயத்து வீட்டுல கரண்டு அடிச்சுத்தானே கொண்டு போச்சு."

"அது வேற கரண்டு. இது வெறும் நாப்பத்தெட்டு. கடிக்காது, இந்தா பாரு." சுவிட்சின் இரண்டு முனைகளிலும் விரல்களை வைத்துக் காட்டினேன். "செத்துட்டனா?"

ஏணியிலிருந்து யோகேஸ்வரன் சொன்னான்: "அவருக்கு அடிச்சாலும் தெரியாது லோஜினி. மண்டைக்கு லைன் கட் பண்ணி ரொம்ப நாளாச்சு."

அவள் சிரித்தாள். மறுநாள் முதல் கையாலேயே அணைத்தாள்.

பத்தாம் நாள் சரியான சுவிட்ச் வந்தது. எனக்கு ஹட்டனில் வேலை. அது என் வீட்டு அலமாரியில் அட்டைப்பெட்டியோடு ஒரு மாதம் இருந்தது.

ஒரு மழைநாள், மாலை ஐந்தரை மணி. அவள் சுவிட்சை இழுத்தபோது சுவிட்ச் பெட்டி வெடித்து, உருகிய செம்பு அவள் கையிலும் வலது கண்ணிலும் தெறித்தது.

மறுநாள் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். ஈரக் கையால் தொட்டிருக்கிறாள் என்று முதலாளி சிங்களத்தில் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். யோகேஸ்வரனும் என்னைப் பார்த்தான். வாசலில் யாரோ நனைந்த தேயிலையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் நான் வாய் திறக்கவில்லை. பிழை லோஜினியுடையது என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா அழகம்மா எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். லோஜினிதான் முதலில் பேசினாள்.

"அண்ணே, என் கை ஈரமாவா இருந்திச்சு? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"இல்ல புள்ள. ஈரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் தப்பான சுவிட்சு போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

கட்டுப் போடாத கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்தபோது அழகம்மா "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றே அந்த அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தேன். அவள்மேல் எழுதியதை அடித்துத் திருத்தினார்கள்.

லோஜினிக்கு வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறாள். அழகம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். யோகேஸ்வரன் கத்தாருக்குப் போய்விட்டான், என்னோடு பேசுவதில்லை. கடையை வேறொருவர் சாதாரண கரண்டில் நடத்துகிறார். நான் வயரிங் வேலையை விட்டுவிட்டு, மஸ்கெலியாவில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறேன்.