இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது அந்த வண்டி ஒரு கணம் யாருடைய பேச்சையும் கேட்காது. இன்ஜின் அலறும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. சமதரையில் அது வெறும் சத்தம். பிதியா பாலைவனத்தின் பெரிய மணல்மேட்டில், பாதி உயரத்தில், மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தால் வண்டி பின்னால் சரியும். சரியும்போது கொஞ்சம் திரும்பிவிட்டால் உருளும். போன குளிர்காலத்தில் ஒரு வண்டி ஏழு தடவை உருண்டதை நான் எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த மேட்டில் ஏறப்போகிறவன் என் மனைவி ஸுவைனாவின் தம்பி யாக்கூப். வண்டி ஷேக் ஹிலாலுடையது. ஹிலாலை எந்தக் குலமும் ஷேக் என்று தேர்ந்தெடுத்ததில்லை. வெள்ளிப் பூண் போட்ட ஒரு கைத்தடி வாங்கினார், விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸுக்குப் புதுக் கம்பளம் விரித்தார், பிறகு அப்படிக் கூப்பிடுவதுதான் எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

பழைய ஜீப் அது. பிறவி இன்ஜினைக் கழற்றிவிட்டு, எட்டு சிலிண்டர் அமெரிக்க இன்ஜினை உட்காரவைத்து, பலத்துக்காகக் காற்றை அழுத்தி ஊதும் இரண்டு டர்போவும் மாட்டிக்கொடுத்தவர் மஸ்கட்டில் ஒருவர். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மட்டும் என் பொறுப்பு. இப்ராவில் பதினெட்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

செவ்வாய்க்கிழமை தொடங்கினேன். ஆயில் அளவு சரி. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று சொல்லும் சென்சார் சரி. பெரிய டயர் மாட்டிய சேதியும் வண்டியின் கணினிக்குச் சொல்லப்பட்டிருந்தது. மெதுவாக ஓட்டினால் கியர் விழுவதே தெரியாது, அவ்வளவு மிருது. டர்போ ஊத ஆரம்பித்து, காலை அழுத்தினால்தான் அந்த அலறல்.

மிச்சம் இருந்தது வண்டியோடு வந்த லேப்டாப்பில் ஒரே ஒரு பக்கம். இன்ஜின் எவ்வளவு பலம் அனுப்புகிறது என்று கியர் பாக்ஸுக்குச் சொல்லும் பக்கம். அந்தப் பதிலை நம்பித்தான் கியர் பாக்ஸ் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கும். அதைத் திறக்கப் பார்த்தால் லேப்டாப் கடவுச்சொல் கேட்டது. ஹிலாலிடம் கேட்டேன். மூன்று கோப்பை காப்பி ஊற்றினார், பேரீச்சம்பழத்தின் வகைகளைப் பற்றிச் சொன்னார், கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார். மஸ்கட்காரருக்குப் போன் போட்டால் ஷேக் சொன்னால்தான் தருவேன் என்றார். இரண்டு பேரும் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

வியாழக்கிழமை ஸுவைனா கேட்டாள்: "அவன் ஏறலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இன்ஷா அல்லாஹ் என்றேன். எங்கள் ஊரில் ஆமாவும் இல்லையும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும் பாய் அது. அவளுக்கும் தெரியும். தட்டை என் முன்னால் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மேட்டடியில் ஹிலாலின் கூடாரம். பெரிய தட்டில் ஹல்வா, சாம்பிராணிப் புகை, முப்பது விருந்தாளிகள். கைத்தடியால் மணலில் படம் போட்டு, கியர் பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஹிலால் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் போட்ட படம் ஒட்டகத்தின் குடலுக்குத்தான் நெருக்கம். காதருகே குனிந்து, வண்டி இன்றைக்கு ஏற வேண்டாம் என்றேன்.

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முஸல்லம் பயப்படுறான்யா. இரும்பப் பாத்து மெக்கானிக்கே பயந்தா எப்படி?"

கூடாரம் சிரித்தது. யாக்கூப்பும் சிரித்தான்.

"பயம்தான் ஷேக்," என்றேன். "பாதி மேடு வரைக்கும் நான் ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன். நீங்க பக்கத்துல உக்காந்து லேப்டாப்பப் புடிச்சுக்கங்க. இந்த வண்டிய உங்களவிட யாருக்குத் தெரியும்?"

முப்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். விருந்தாளிகள் முன்னால் மாட்டேன் என்பதைவிட மேடு ஏறுவது சுலபம். தடியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஏறினார்.

தோளில் பெல்ட்டை மாட்டினேன். மிதித்தேன். டர்போ சீறியது, மணல் பின்னால் சுவராக எழுந்தது. முதல் கியர். இரண்டு. கண்ணாடி முழுக்க நீலம், பூமி எங்கேயும் தெரியவில்லை. மூன்றுக்கு மாறும் இடம் வந்தது. அந்த அலறல் வந்தது. வண்டி நின்றது, ஒரு மூச்சு நேரம் அப்படியே தொங்கியது, பிறகு பின்னால் போக ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. ஒரு விரற்கடை திரும்பினால் போதும், உருண்டுவிடுவோம்.

"நானூறு," என்றார் ஹிலால். குரல் அவருடையதாகவே இல்லை. "நானூறுன்னு போடச் சொன்னேன் முஸல்லம். நான்தான் சொன்னேன். அல்லாஹ்வுக்காக நிறுத்து."

சரிவு தணிந்த இடத்தில் பக்கவாட்டில் திருப்பி, மேட்டின் தோளுக்குப் பின்புறம், கூடாரத்துக்குத் தெரியாத பள்ளத்தில் வண்டியை நிறுத்தினேன். விஷயம் இதுதான். லேப்டாப் திரையை யாராவது எட்டிப் பார்த்தால் கண் பட்டுவிடும், மேடேறும் பந்தயத்தில் எதிராளிகளுக்கும் பலம் தெரிந்துவிடும். அதனால் நானூறு குதிரைசக்தி என்று இன்ஜினைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார். ஊரில் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியது அந்தக் கியர் பாக்ஸ் ஒன்றுதான். நானூறுக்குத் தக்கபடி தட்டுகளை லேசாகப் பிடித்தது, இரண்டு மடங்கு பலம் வந்து வழுக்கிக்கொண்டு போனது.

உண்மையில் எவ்வளவு என்று கேட்டேன். பள்ளத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஓணான்தான் இருந்தது. இருந்தும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எண்ணூத்தி அறுபது" என்று கிசுகிசுத்தார். கடவுச்சொல் 'ஷேக்'.

எண்ணை மாற்றினேன். பிறகு இறங்கி ஆயில் குச்சியை உருவினேன். கறுப்பு. கருகல் நாற்றம். எண்ணைத் திருத்திவிடலாம், எரிந்த தட்டைத் திருத்த முடியாது. மூன்றாவது கியரின் தட்டுகள் போய்விட்டன, இன்றைக்கு யாரும் ஏறக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிச் சம்மதித்தார். தலைப்பாகை கழுத்தில் கிடந்தது.

கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் அதைச் சுற்றத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் குரல் திரும்பியது. இறங்கியபோது முழு ஷேக். கோளாறைத் தானே கண்டுபிடித்துவிட்டதாகவும் யாக்கூப் ஏறலாம் என்றும் அறிவித்தார்.

யாக்கூப் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தாயிற்று. ஜன்னலில் குனிந்து, வேண்டாம்டா, உள்ளே எரிந்து கிடக்கிறது என்றேன்.

"அதான் சரி பண்ணியாச்சுன்னு சொல்றாங்களே மச்சான். அக்கா சொல்லி அனுப்பினாளா? பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கங்க."

விருந்தாளிகள் கேமராவைத் தூக்கிவிட்டார்கள். அவனை இழுத்துப் போட்டாலும் வேறு ஒருவன் ஏறுவான். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று லேப்டாப்பை அவன் மடியில் வைத்து, மூன்றாவது கியரையே கியர் பாக்ஸிலிருந்து அழித்தேன். இரண்டோடு முடிந்தது. இரண்டில் பாதி மேடுதான் ஏற முடியும்.

அவன் கிளம்பி நூறு அடி போன பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்ஜின் அளவுக்கு மேல் சுற்றினால், அதைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பெட்டிகள் நம் உத்தரவை மீறித் தாமாகவே மேல் கியருக்குத் தாவும். அந்தப் பாதுகாப்பைத் தனியாக அணைக்க வேண்டும். அணைத்தேனா? என் விரல்களைப் பார்த்தேன். அவற்றுக்கும் தெரியவில்லை.

ஒன்று. இரண்டு. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அந்த அலறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என்ன ஓதினேன் என்று இன்றுவரை தெரியாது. இன்ஜின் எல்லையைத் தொட்டு, வெட்டி வெட்டி இருமியது. அலறவில்லை. பாதி மேட்டில் வண்டி களைத்து நின்றது. பிரேக் விளக்கு எரிந்தது. பின்னோக்கி, நேராக, கயிறு கட்டி இறக்கியது போல இறங்கியது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. எதிராளிகளுக்கு முழு பலத்தையும் காட்ட வேண்டாம் என்று தானே பாதியில் நிறுத்தச் சொன்னதாக ஹிலால் விளக்கினார். இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.

யாக்கூப் என்னிடம் வந்தான். "நீங்களா?"

"நான்தான்."

"ஊரே பாத்துச்சு மச்சான். இனிமே உங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்." ஹெல்மெட்டை மணலில் எறிந்துவிட்டுப் போனான். எடுத்தேன். உள்பஞ்சு வியர்வையில் நனைந்து, இன்னும் சூடாக இருந்தது.

ஸுவைனாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இறங்கிட்டான்," என்றேன். "என்மேல பயங்கரக் கோபத்துல இருக்கான்."



"என்ன திட்டினான்?" என்றாள். "ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."