உப்புச் சாக்கு

ரங்கூனின் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருந்த தன் கருவாட்டுக் கிட்டங்கியில், மூலைப் பலகையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அப்துல் சமது அதைக் கண்டார். பலகையில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

மழைக்காலம் முழுக்க அந்தப் பலகைமேல் ஆண்ட்ரூவின் மரப்பெட்டி இருந்தது. கதவு, ஜன்னல் மாட்டிக்கொடுக்கும் தச்சன் அவன். மழையில் வேலை படுத்துவிடும், அவனும் மனைவி லதாவும் இருந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிடும். அதனால் ட்ரில் மெஷினையும் கிரைண்டரையும் பெட்டியில் போட்டு சமதுவிடம் ஒப்படைத்திருந்தான். நடுமழையில் கூரை ஒழுகியது. பிள்ளையின் சாமான் நனைந்துவிடக் கூடாதே என்று சமதுதான் கைக்குக் கிடைத்த சாக்குகளை மடித்துப் பெட்டிமேல் அடுக்கினார். மீனுக்கு உப்பு வந்த சாக்குகள். ஒழுகிய தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு பெட்டியின் இடுக்கு வழியே இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரிலேயே மெஷின்கள் ஊறிக் கிடந்திருக்கின்றன.

காலையில்தான் ஆண்ட்ரூ வந்து பெட்டியை எடுத்துப் போயிருந்தான்.

"என்ன பாய், பெட்டியத் தொறந்தா கொழம்பு வச்சிரலாம்போல இருக்கு?"

"ஒன் வீட்டுக் கொழம்புக்கு இந்த வாடையே மேல். எடுத்துட்டுப் போடா."

கரண்டு இருந்திருந்தால் அங்கேயே ஓட்டிப் பார்த்திருப்பான். ரங்கூனில் பேட்டைக்குப் பேட்டை முறைவைத்துத்தான் கரண்டு; அன்றைக்கு போட்டாதாங்குக்கு முறை இல்லை. எண்ணெய்த் துணியால் மேலாகத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். இன்சீனில், ரயில்வே பட்டறைக்குப் பின்னால், பள்ளிக்கூடத்து சயாமா ஒருத்தர் வீட்டு மாடிக்கு ஜன்னல் மாட்டும் வேலை. "அவங்க பக்கம் மத்தியானம் கரண்டு வரும் பாய். சாரத்துல ஏறி ரெடியா நிக்கணும். வந்தா எத்தன நேரம் இருக்கும்னு எவனுக்குத் தெரியும்?"

சமதுவுக்கு இடது கட்டைவிரல் குறுகுறுத்தது. போன வருஷம் உப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்ற மேஜை விசிறியைத் தொட்டபோது அது அவரைச் சுவரில் தூக்கி அடித்திருந்தது. வந்து பார்த்த மெக்கானிக், ஈர உப்பு வழியாகக் கரண்டு வெளி இரும்புக்கு வந்துவிட்டது என்றான். ஆண்ட்ரூவின் ட்ரில்லும் பழைய ஜப்பான் சரக்குதான், உடம்பு முழுக்க இரும்பு. விசிறி அடித்தபோது அவர் தரையில் நின்றார். ஆண்ட்ரூ மாடி உயரத்தில், மூங்கில்மேல் நிற்பான்.

சயாமா வீட்டில் போன் இல்லை. கிட்டங்கியைப் பூட்டக்கூட இல்லாமல் சைக்கா ரிக்‌ஷாவில் ஏறி ஸ்டேஷனுக்கு விரட்டச் சொன்னார். வட்ட ரயில் புறப்படும் நேரத்தில் ஓடி ஏறினார்.

அந்த ரயில் எந்தக் காலத்திலும் அவசரப்பட்டதில்லை. தாமரைப்பூக் கட்டுக்காரி ஏறினாள், கோழிக் கூடையோடு ஒருவன் இறங்கினான், வண்டி நின்றுகொண்டே இருந்தது. சமது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டி எட்டி விளக்கைப் பார்த்தார். கெமண்டைனில் டீக்கடை டிவி இருட்டாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஹ்லேடானில் ஒரு கடை விசிறி சுற்றியது. எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் ஜெனரேட்டர் புகை விடுவதைப் பார்த்த பிறகே உட்கார்ந்தார். வராமலே பிழைப்பைக் கெடுக்கும் இந்தக் கரண்டு இன்றைக்கு வரக் கூடாது என்று வாழ்க்கையிலேயே முதன்முறையாக துஆ கேட்டார்.

"யாராச்சும் நோயாளியா, மாமா?" என்று எதிரே இருந்த பர்மாக்காரி கேட்டாள்.

"இதுவரைக்கும் இல்ல," என்று அவளுடைய பாஷையில் சொன்னார்.

இன்சீனில் இறங்கி, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வலியோடு ஓடினார். பட்டறைச் சுவர் முடிந்ததும் சந்து. சந்தின் கோடியில் மூங்கில் சாரம். அதன் உச்சியில் வெற்று உடம்போடு, ஈரக் கால்களோடு ஆண்ட்ரூ. ட்ரில்லை இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் முனையை வைத்துத் தயாராக நின்றான்.

"ஆண்ட்ரூ! கைய எடு! அதக் கீழ வையி!"

"என்ன பாய், கருவாடு பாக்கி வசூலிக்க இவ்வளவு தூரமா?" என்று அவன் சிரித்தான். கையை எடுக்கவில்லை.

அப்போது சந்தின் மறுமுனையிலிருந்து அந்தக் கூச்சல் கிளம்பியது. கரண்டு வந்தால் ரங்கூனில் எந்தத் தெருவிலும் எழும் கூச்சல். "மீ லாபி! மீ லாபி!" வீடு வீடாகத் தாவி வந்தது. ஸ்விட்சுகளை யாரும் அணைத்து வைப்பதில்லை. கரண்டு வந்தது தெரிய வேண்டுமே.

மாடியிலிருந்து தொங்கிய வயர் கீழே வராந்தா பிளக் பாயிண்ட்டில் முடிந்தது. பிளக் முனை உடைந்துபோனதால் ஆண்ட்ரூ வெறும் கம்பிகளை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி அடித்து இறுக்கியிருந்தான். சமது வயரைக் கையில் சுற்றி, முழுப் பலத்தோடு இழுத்து மல்லாந்து விழுந்தார். தீக்குச்சிகள் தெறித்தன. தலைக்கு மேலே வராந்தா விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஆண்ட்ரூ கோபமாக இறங்கி வந்தான். "பைத்தியமா பாய் ஒங்களுக்கு? மேலருந்து மெஷின் விழுந்திருந்தா?"

சமது எழுந்து உட்கார்ந்தார். மூச்சிரைப்புக்கு நடுவே "உப்பு" என்றார். பிறகு, "சாக்கு. நான்தான் போட்டேன்."

ஆண்ட்ரூ ட்ரில்லை முகர்ந்தான். காற்றுத் துளைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைக் காய்ந்த பலகைமேல் படுக்க வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கம்பிகளை மறுபடி பாயிண்ட்டில் செருகினான். கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் முனையால் ட்ரில்லின் இரும்பு முதுகைத் தொட்டான்.

டெஸ்டருக்குள் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சயாமா மாடியிலிருந்து, "கரண்டு வந்தாச்சே, வேலை ஆரம்பிக்கலையா?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

ஆண்ட்ரூ கம்பிகளை உருவினான்.

"லதாகிட்ட சொல்லாதீங்க, பாய்."

"சொல்ல மாட்டேன்."

"அடுத்த மழைக்குப் பெட்டிய எங்க வைக்கிறது?"

சமது யோசித்தார். கையில் சுற்றிய வயர் இன்னும் அவிழவில்லை. "என் கட்டில்ல வையி," என்றார். "நான் கிட்டங்கில படுத்துக்கறேன்."