மாணிக்கராஜ் கண்ட பலூன்

பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் பலூனில் ஏறப் போகிறார், காற்று தள்ளினால் தங்கவயல் மேலே வருவார் என்று சுரங்கத்துத் துரை முடிவு செய்தார். காற்றிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. பங்களாவில் தேநீர் விருந்துக்கு முப்பது பேரை அழைத்தாயிற்று. பலூனை முதலில் கண்டு சொல்லும் பொறுப்பு குமாஸ்தா மாணிக்கராஜுக்கு. சொன்னால் காலியாயிருந்த ஹெட்கிளார்க் நாற்காலி அவருக்கு. கோட்டை விட்டால் சக குமாஸ்தா ஆபிரகாமுக்கு.

விடிந்ததிலிருந்து மாணிக்கராஜ் துரையின் தூரக்கண்ணாடியோடு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கத்து மண்மேட்டில் நின்றார். உட்கார்ந்தார். எழுந்தார். கிழக்கே பார்க்கையில் மேற்கே வந்துவிடுமோ என்று திரும்பினார். கோட்டுப் பித்தானைப் போட்டுக் கழற்றியதில் ஒன்று அறுந்தே போயிற்று.

மதியம் ஷிப்ட் முடிந்து, ஆள் ஏற்றும் கேஜில் மேலே வந்த சுரங்கத் தொழிலாளி சின்னசாமியும் அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா சார், கருடனா? கன்னத்துல போட்டுக்கணுமா?"

"பலூன்டா. றெக்கை அடிக்காம மிதக்கும். உனக்குப் புரியாது."

சொல்லி முடிப்பதற்குள் வானத்தில் ஒரு கரும்புள்ளி. அசையவில்லை. மாணிக்கராஜ் கை நீட்டினார்.

"அதோ!"

"கழுகு சார் அது. பூதிகோட்டை ரோட்ல மாடு செத்துக் கெடக்குது."

"கண்ணாடி யார் கையில இருக்கு?"

"உங்க கையிலதான். கண்ணு எங்கிட்ட கீது."

பங்களாவுக்கு ஆளனுப்பினால் அதற்குள் ஆபிரகாம் முந்திக்கொள்ளலாம். மாணிக்கராஜ் ஓடிப்போய் ஷாஃப்ட் மணியை இழுத்து இழுத்து அடித்தார். நேரங்கெட்ட நேரத்தில் அந்த மணி அடித்தால் உள்ளே பாறை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அவசரத்தில் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

தொழிலாளர்களின் லைன் வீடுகள் காலியாயின. களிமாவு ஒட்டிய கையோடு ஓடிவந்த மங்கம்மா அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் அடுத்த ஷிப்டில் உள்ளே இருந்தான்.

"யாரு சார்? உள்ள எந்த லெவல்ல?"

"லெவல் இல்லம்மா. பலூன்."

"பலூன்ற அந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்களா?"

அதற்குள் துரை விருந்தாளிகளோடு வந்து கண்ணாடியை வாங்கினார். கண்ணாடிக்குள் மொட்டைக் கழுத்தும் இரண்டு சிறகுகளும் தெரிந்தன. துரை வெகுநேரம் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் மூச்சடக்கி நின்றார்கள்.

"அற்புதம்," என்றார்.

கண்ணாடி கை மாறியது. எல்லாருக்கும் பலூன் தெரிந்தது. ஒரு துரைசானிக்கு அதிலிருந்தவர் கைக்குட்டை ஆட்டியதும் தெரிந்தது. கழுகு மூன்று வட்டமடித்து மாட்டின்மேல் இறங்கியது. கைதட்டினார்கள்.

மங்கம்மா சின்னசாமி பக்கம் திரும்பினாள். "ஏம்பா, கழுகுக்கா கை தட்றாங்க?"

"சும்மா இரு அக்கா," என்றான் சின்னசாமி. "அவங்க ஊர்ல கெடையாது போலக்கீது."

சாயங்காலம் பெங்களூரிலிருந்து தந்தி வந்தது: பலூன் கிழிந்துவிட்டது, ஏறவில்லை. மாணிக்கராஜ் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கும் பங்களாவுக்கும் நடுவே மூன்று தடவை நடந்தார். கொடுத்தால் நாற்காலி போகும். மறைத்தால் ஆபிரகாம் கண்டுபிடிப்பான். கடைசியில் கொடுத்தார்.

துரை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாளையிலிருந்து ஹெட்கிளார்க் நீதான்."

"சார், தந்தி..."

"எந்தத் தந்தி?"

மறுநாள் மாணிக்கராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முதல் ஜன்னல் வழியே ஷாஃப்ட் பக்கம் எந்தத் தொழிலாளியாவது அண்ணாந்து பார்ப்பது தெரிந்தால் மட்டும் எழுந்து ஓடுவார்: "மேலே என்னய்யா பார்வை? கீழே இறங்கு."